டிமென்ஷியா (மறதி நோய்): “நீ விடு, நான் செய்றேன்” என்று கையிலிருந்து பிடுங்கியது உண்டா? (குழுவில் வந்த பதில்கள், புனைபெயர்களில்)

டிகாஷன்
அம்மாவுக்கு அல்சைமர், நாலாவது வருடம். ஆரம்பக் கதை உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விடுகிறேன். பால் பொங்கி அடுப்பு அணைந்து, பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து ரெகுலேட்டரை மூடிய அன்று, இனிமேல் சமையலறைப் பக்கமே வராதே என்று சொல்லிவிட்டேன். எட்டு மாதம் ஹாலில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

அப்புறம் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வந்தார், அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குபவர். என்னை விட்டுவிட்டு அம்மாவிடம், “எதைத் திரும்பச் செய்ய ஆசை?” என்றார். “காபி.” ஒரு தட்டில் ஃபில்டர், பொடி டப்பா, கரண்டி, தம்ளர், தினமும் அதே வரிசை. தானே அணையும் கெட்டில். “அடுத்து என்ன, ஞாபகம் இருக்கா?” என்று சோதிக்கவே கூடாதாம். தப்பான இடத்துக்குக் கை போகும் முன்பே காட்டிவிட வேண்டுமாம், இல்லையென்றால் அந்தத் தப்பே பழகிவிடும் என்றார்.

ஆறாவது வாரம். வெந்நீர் ஊற்றி மூடினாள். டிகாஷன் இறங்கவில்லை. நான் எழுந்தேன், தெரபிஸ்ட் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அம்மா விரல் முட்டியால் ஃபில்டரை ரெண்டு தட்டு தட்டினாள். சொட்ட ஆரம்பித்தது. அதை நாங்கள் யாரும் சொல்லித்தரவில்லை. அந்த டொக் டொக் இன்னும் என்னை விடவில்லை.

கால்மிதி
அப்பா ரிட்டயர்ட் கண்டக்டர், ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் வந்த மறதி. பாத்ரூம் வாசல் வரை வருவார், நிற்பார், திரும்பிவிடுவார். பிடிவாதம் என்று நினைத்துக் கத்தினோம். மூன்று மாதம் டயப்பர். முழங்காலுக்காக வந்த பிசியோதெரபி பையன் வாசலில் கிடந்த கறுப்புக் கால்மிதியைச் சுருட்டி எடுத்தான். வெள்ளை டைல்ஸ்மேல் கறுப்பாக ஏதாவது கிடந்தால் சிலருக்குக் குழி மாதிரித் தெரியுமாம். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்த மனுஷன், குழிக்குப் பயந்து நின்றிருக்கிறார். அன்றைக்கு நேராக உள்ளே போனார். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, “யாரும் தட்டாதீங்க” என்றார்!

நாலு மணி
படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் டிகாஷன், உங்கள் வீட்டில் காபி இறங்கும்வரை உட்கார்ந்து பார்க்க ஆள் இருக்கிறது. என் வீட்டில் நானும் மாமியாரும் மட்டும், எனக்கு வேலையும் உண்டு. அவர் புடவை கட்ட முக்கால் மணி நேரம் ஆகும், நான் கட்டிவிட்டால் ஐந்து நிமிடம். நீங்களே சொல்லுங்கள்.

நாங்களும் போனோம், ஒரு இடத்துக்கு. ‘நினைவாற்றல் பயிற்சி’ என்று 12 நாளைக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். படத்தைக் காட்டி இது என்ன, அது என்ன. தெரியாதபோதெல்லாம் அழுதார். ஐந்தாம் நாளோடு நிறுத்திவிட்டேன்.

தினமும் நாலு மணிக்குப் பூ வாங்கத் தெருமுனைக்குப் போவார். போன ஆடியில் வழி தவறி பஸ் ஸ்டாண்டில் நின்றவரை ஒரு ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டார். அன்றிலிருந்து கதவுக்குப் பூட்டு. இன்றைக்கும் நாலு மணிக்கு உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிறார். பலமாக இல்லை, விருந்தாளி தட்டுவது மாதிரி.

ஓய்வூதியன்
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கால்மிதி தம்பி, முதலில் அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றி, வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி ஒன்று போடுங்கள். விழுந்துவிட்டால் கதவை உடைக்க வேண்டியிருக்கும்.

நாலு மணி அம்மா, உங்களுக்கு நடந்ததும் டிகாஷன் வீட்டில் நடந்ததும் ஒன்றல்ல. படம் காட்டிக் கேட்பது மூளைக்குப் பரீட்சை. மறுவாழ்வுப் பயிற்சி என்பது அவருக்கு வேண்டிய ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு வழி செய்வது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆராய்ச்சியாளர் லிண்டா கிளேரின் குழு, டிமென்ஷியாவின் ஆரம்ப நிலையில் இருந்த 475 பேரிடம் இதைச் சோதித்து 2019இல் வெளியிட்டது. மூன்று மாதத்தில் 10 முறை வீட்டுக்குப் போனார்கள், அடுத்த ஆறு மாதத்தில் 4 முறை. தாங்களே தேர்ந்தெடுத்த காரியங்களில் நல்ல முன்னேற்றம். ஞாபகசக்தித் தேர்வில் மாற்றமில்லை, மனநிலையிலும் இல்லை. ஆக நோய் குறையும் என்று யாராவது சொன்னால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனமே 2023இல் வெளியிட்ட மறுவாழ்வுச் சிகிச்சைத் தொகுப்பில் டிமென்ஷியாவைச் சேர்த்திருக்கிறது, நம் ஊரில்தான் இன்னும் “வயசானா அப்படித்தான்”.

புடவைக்கு: உள்பாவாடை, ரவிக்கை, புடவை, உடுத்தும் வரிசையிலேயே கட்டில்மேல் வையுங்கள். கொசுவத்தை மட்டும் நீங்கள் பிடியுங்கள், மற்றது அவர். சாப்பாட்டுக்கு: வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு கண்ணுக்குத் தெரியாது, எவர்சில்வர் பளபளக்கும். வாழை இலை போடுங்கள், பச்சைமேல் சோறு பளிச்சென்று தெரியும். ஏதாவது ஒன்றை மனதில் நிறுத்த: சொல்லிக் கொடுத்து ஒரு நிமிடம் கழித்துக் கேளுங்கள், சரியாகச் சொன்னால் இரண்டு, அப்புறம் நாலு, எட்டு. தவறினால் உடனே விடையைச் சொல்லிவிட்டு, பழைய இடைவெளிக்குத் திரும்புங்கள்.

என் அனுபவம் என்று கேட்டால், அண்ணனுக்கு நான்தான் ஊட்டிவிட்டேன். இதையெல்லாம் படித்தது அவர் போன பிறகு.

நாலு மணி
ஐயா, இலைக்கு நன்றி. கதவுக்கு என்ன வழி?

டிகாஷன்
உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆள் இருந்தது உண்மைதான், சம்பளத்துக்கு. பூட்டை எடுங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

கால்மிதி
தாழ்ப்பாளை மாற்றிவிட்டேன் ஐயா. அக்கா, பூக்காரம்மாவுக்கு உங்கள் நம்பர் தெரியுமா? தெருமுனை வரை முன்னால் அவர் போகட்டும், பத்தடி பின்னால் நீங்கள். அதே நேரம், அதே பக்கம். அப்பாவை டீக்கடைக்கு அப்படித்தான் விடுகிறோம், கடைக்காரருக்கு விஷயம் தெரியும்.

நாலு மணி
நாலு மணிக்கு நான் ஆபீஸில் இருப்பேன். சனிக்கிழமை பார்க்கிறேன்.