ஆக்கம் என்றால் உந்தமாம்!

மீனாட்சிபுரத்துக்காரன்:
பன்னிரண்டாவது வரை பொள்ளாச்சியில் தமிழ் மீடியம். பிசிக்ஸ் டிகிரிக்கு கேரளாவில் பாலக்காட்டுப் பக்கம் சேர்ந்தேன். மெக்கானிக்ஸ் கிளாஸில் சார் பாதி இங்கிலீஷ், பாதி மலையாளம். "பிண்டம்" என்றார், எனக்கு ஆடி அமாவாசைதான் ஞாபகம் வந்தது. நிறையைச் சொல்கிறார் என்று பிடிபடவே ஒரு பீரியட் போயிற்று. மலையாளத்தில் ஆக்கம் என்றால் நம் உந்தம் (மொமெண்டம்), த்வரணம் என்றால் முடுக்கம். வேகம் அங்கேயும் வேகம்தான், ஆனால் நம் திசைவேகம் அவர்களுக்குப் பிரவேகம்.

கைடு வாங்கக் காசில்லை. கைகொடுத்தது பழைய பதினொன்றாம் வகுப்புப் புத்தகம். தமிழ்நாட்டுப் பாடநூல் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பிடிஎஃப்பாக இலவசமாகக் கிடைக்கிறது. அதே பாடம், அதே வரிசை. பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் படித்தால் தனியாக அகராதி வேண்டாம்.

அடுத்து ஓப்பன்ஸ்டாக்ஸ். அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்துவது, எல்லாப் புத்தகமும் இலவசம். இதில் ஒரு அடி வாங்கினேன். காலேஜ்தானே போகிறோம் என்று 'காலேஜ் பிசிக்ஸ்' இறக்கினேன். வகையீட்டையும் தொகையீட்டையும் தேடித் தேடிப் பார்த்தேன், காணோம். அது கால்குலஸ் இல்லாமல் எழுதியதாம்! நமக்கு வேண்டியது 'யுனிவர்சிட்டி பிசிக்ஸ்', மூன்று தொகுதி. இயக்கவியலும் அலைகளும் முதலாவதில், வெப்பமும் மின்காந்தமும் இரண்டாவதில், ஒளியும் நவீன இயற்பியலும் மூன்றாவதில். கணக்குக்கு அதை விட்டால் வேறில்லை என்பேன்.

மூணாறு எஸ்டேட் பையன்:
அண்ணா, உங்களுக்கு சிக்னலாவது இருக்கு. எங்க எஸ்டேட் லயத்து வீட்டுல மழை வந்தா போன் வெறும் டார்ச் லைட்தான். வீடியோ பாடம்லாம் சுத்திக்கிட்டே நிக்கும். எனக்கு உதவுனது ஃபெட், பிசிக்ஸ் சோதனைகளைத் திரையில நாமளே செஞ்சு பார்க்குற தளம். நோபல் வாங்குன கார்ல் வீமன் 2002ல கொலராடோ பல்கலைக்கழகத்துல தொடங்குனது. டவுனுக்குப் போறப்போ எச்டிஎம்எல் ஃபைலா இறக்கிட்டு வந்துட்டா நெட் இல்லாமலே ஓடும். பழைய ஜாவா ஐட்டத்தைத் தொடாதீங்க, போன்ல திறக்காது.

அதுல ஸ்கேட் பார்க்னு ஒண்ணு. உராய்வைச் சுழியில வெச்சா பொம்மை ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும். கொஞ்சம் கூட்டுனா வெப்ப ஆற்றல் பட்டை ஏறும், பொம்மை மெல்ல அடங்கிடும். மொத்தம் மட்டும் மாறாது. ஆற்றல் அழியாதுன்னு மூணு வருஷமா மனப்பாடம் பண்ணினேன், அன்னிக்குத்தான் கண்ணால பார்த்தேன்.

செங்கோட்டை டியூஷன் அக்கா:
ஆரியங்காவுப் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். கேரளா பிளஸ் டூ பிசிக்ஸுக்கு மத்திய அரசின் என்சிஇஆர்டி புத்தகம்தான், என்சிஇஆர்டி தளத்திலேயே இலவசம். இது தெரியாமல் ஒருத்தி யாரோ விற்ற 'ஸ்பெஷல் நோட்ஸுக்கு' இருநூறு ரூபாய் அனுப்பிவிட்டாள். திறந்து பார்த்தால் அதே புத்தகப் பக்கங்கள், மேலே ஒரு முத்திரை! எனக்கு வந்த கோபத்துக்கு அவளைத்தான் திட்டினேன், பாவம். ஐஐடி ஆசிரியர்கள் நடத்தும் என்பிடெல் பாடங்களும் சும்மாவே பார்க்கலாம், பரீட்சை எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம்.

மீனாட்சிபுரத்துக்காரன்:
அக்கா, என்பிடெல்லை அடுத்த செமஸ்டருக்கு வைத்துக்கொள்கிறேன். மூணாறு தம்பி, மூன்று தொகுதியும் பென் டிரைவில் இருக்கிறது. ஓணம் லீவுக்கு உடுமலை பஸ்ஸில் இறங்கினால் சொல், வந்து தருகிறேன். ஸ்கேட் பார்க் ஃபைலை மறக்காமல் கொண்டு வா.