பெல் ஹவுசிங் கிட்ட ஆயில் சொட்டுது, கியர்பாக்ஸ் எறக்கித்தான் ஆகணுமா?

காசிமேடு லோடு:

எல்லாருக்கும் வணக்கம் பா. 2010 மாடல் டீசல் பிக்கப், நாலு சிலிண்டர் டர்போ, பழைய டைப் டீசல் பம்பு, காமன் ரெயில் கெடையாது. விடியக்காத்தால காசிமேட்டுல ஏலம் முடிஞ்சதும் மீன் ஏத்திக்கினு மாதவரம், செங்குன்றம் பக்கம் எறக்குவேன், மதியத்துக்கு மேல எந்த லோடு மாட்டுதோ அது. கொஞ்ச மாசமாவே என்ஜின் ஆயில் ஒழுவுது. மொதல்ல நிறுத்துன எடத்துல ரெண்டு மூணு சொட்டு தான் இருக்கும், இப்ப காலைல வண்டிய எடுத்துட்டுப் பார்த்தா தரைல தோசை அளவுக்கு கருப்பா படிஞ்சிருக்கு. எண்ணூர் ஹைரோட்ல கண்டெய்னர் லாரி வரிசைல மாட்டி ஐடில்ல நின்னா அன்னிக்கு இன்னும் ஜாஸ்தி.

வீட்டாண்ட இருக்குற மெக்கானிக் அடில படுத்துப் பார்த்துட்டு என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற எடம், அதான் பெல் ஹவுசிங், நனைஞ்சிருக்கு, கிராங்க் ஷாஃப்ட் பின்னாடி இருக்குற பேக் சீல் போச்சு, கியர்பாக்ஸ் எறக்கணும், எறக்குறதே எறக்குறோம் கிளட்ச் செட்டையும் மாத்திடுன்னு சொல்றாரு. எல்லாம் சேர்த்து 16,000 கேக்குறாரு, வண்டியும் நிக்கணும். இன்னொருத்தர் அதெல்லாம் ஒன்னும் இல்ல, அடில ஆயில் நிக்குற சம்ப்போட பேக்கிங் தான், சிலிக்கான் போட்டு ஏத்திடலாம் 1,500 குடுன்றாரு. யார நம்புறதுன்னே தெரியல. அடுத்த மாசம் எஃப்சி (ஃபிட்னஸ் சர்டிபிகேட்) வேற இருக்கு, எட்டு வருஷம் தாண்டுன வண்டிக்கு வருஷா வருஷம் காட்டணும்ல.

இன்னொன்னு, இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்காதுன்னு நெனைக்கிறேன், காலைல ஸ்டார்ட் பண்ண ஒடனே பிரேக் பெடல் ரொம்ப கட்டையா இருக்கு, கொஞ்ச நேரம் ஓடுனா சரியாவுது. பேட்டரி லைட்டும் அப்பப்ப மினுக்குது.

ஹைவே ராஜா:

தலைவா 15-40 கிரேடு ஆயில் ஊத்துறதா இருந்தா 20-50க்கு மாறிடு, கெட்டி ஆயில் அவ்ளோ சீக்கிரம் ஒழுவாது. கடைல ஸ்டாப் லீக்னு ஒரு பாட்டில் விக்குது, அதையும் ஒன்னு ஊத்து. இவ்ளோ பழைய வண்டிக்கு எதுக்கு 16 ஆயிரம்? என் வண்டிலாம் அப்டியே தான் ஓடிக்கினு கீது.

மூலக்கடை டீசல்:

தம்பி, மொதல்ல கியர்பாக்ஸ்ல யாரையும் கை வெக்க வுடாத. பெல் ஹவுசிங் அடில சொட்டுதுன்னா அங்கருந்து தான் ஒழுவுதுன்னு அர்த்தம் கெடையாது, என்ஜின்ல எங்க ஒழுவுனாலும் பாதிக்கு மேல கடைசில வந்து சொட்டுற எடம் அது தான். ஆயில் மேலருந்து கீழ எறங்கும், வண்டி ஓடுறப்ப காத்து அத பின்னாடி தள்ளிக்கினே போவும். அதனால அடில படுக்குறத வுட்டுட்டு பானட்ட தொறந்து பாரு. எது எல்லாத்தையும் விட மேல, எல்லாத்தையும் விட முன்னாடி ஈரமா இருக்கோ அங்க தான் ஆள் ஒளிஞ்சிருக்கான்.

அதுக்கும் முன்னாடி அது என்ஜின் ஆயில் தானான்னு முடிவு பண்ணு. டீசல் வண்டி ஆயில் கன்னங்கரேல்னு இருக்கும், விரல்ல கரி ஒட்டும். கியர் ஆயில்னா கெட்டியா இருக்கும், கந்தக வாடை அடிக்கும், அப்ப கியர்பாக்ஸ் முன் சீல பார்க்கணும். பவர் ஸ்டீயரிங் ஆயில் பெரும்பாலும் செவப்பு. ராத்திரி அடில பெரிய அட்டைப்பெட்டிய கிழிச்சு விரிச்சிடு, முன் சக்கரம் எங்க நிக்குதுன்னு அதுல ஒரு கோடு போடு, காலைல சொட்டு எந்த எடம், ஒரு எடமா ரெண்டு எடமான்னு தெரிஞ்சிடும்.

அப்புறம் கழுவு. வாட்டர் சர்வீஸ்ல குடுத்து பிரஷர்ல அடிக்காத, பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் உள்ள தண்ணி போனா அது தனி செலவு. என்ஜின் நல்லா ஆறுனப்புறம் டீசல் தொட்டு பிரஷ்ல தேச்சு, பனியன் வேஸ்ட்ல தொடச்சு காய வுடு. காஞ்ச எடத்துல மூஞ்சிக்குப் போடுற பவுடர தூவு, ஐடில்ல கொஞ்ச நேரம் வுட்டு அப்டியே திருவொத்தியூர் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து டார்ச் அடிச்சுப் பாரு. வெள்ளைல கருப்பு கோடு எங்கருந்து கெளம்புதோ அங்க தான் லீக்.

பார்க்கவேண்டிய எடம்னு சொன்னா ஆயில் ஃபில்டர் மொதல்ல, பழைய ஃபில்டர் ரப்பர் பிளாக்குலயே ஒட்டிக்கினு இருக்கும், அது மேலயே புதுசு ஏத்திட்டா ரெண்டு ரப்பர் ஆயிடும், ஒழுவாம என்ன பண்ணும். ஆயில் பிரஷர் சுவிட்ச்சோட ஒயர மட்டும் கழட்டி அது மாட்டுற எடத்துல ஈரம் இருக்கான்னு பாரு, அது சின்ன பொருள் ஆனா என்ஜின் ஓடுற வரைக்கும் பிரஷரோட தள்ளும். என்ஜின் தலை மேல இருக்குற மூடி, அதான் டேப்பெட் கவர், அதோட பின் மூலைய கை வுட்டு தடவிப் பாரு, அங்க ஒழுவுனா நேரா பெல் ஹவுசிங் மேல தான் எறங்கும், பார்க்குறவன் பேக் சீல்னு தான் சொல்லுவான். டர்போவோட ரிட்டர்ன் பைப் பேக்கிங்கும் பாரு.

ஆனா என் சந்தேகம் இது எதுவும் இல்ல. கடைசில போறபோக்குல பிரேக் கட்டை, லைட் மினுக்குதுன்னு சொன்ன பாரு, மேட்டரே அது தான். டீசல் என்ஜின்ல பெட்ரோல் வண்டி மாதிரி இன்டேக்ல வேக்கம், அதாவது உறிஞ்சுற இழுப்பு, கெடைக்காது, பெடல் மிதிய லேசாக்குற பிரேக் பூஸ்டருக்கு தனியா வேக்கம் பம்பு வேணும், பழைய டீசல் வண்டி நெறையத்துல அது ஆல்டர்னேட்டர் முதுகுல தான் மாட்டியிருக்கும். அதுக்கு என்ஜின் ஆயில் ஒரு சின்ன பைப்புல போவும், பெரிய ஹோஸ் வழியா சம்புக்கு திரும்பும். பம்பு சீல் தேஞ்சா ஆயில் ஆல்டர்னேட்டர் உள்ள பூந்து கார்பன் பிரஷ் நனையும், லைட் மினுக்கும். பம்பு தேஞ்சா வேக்கம் ஏற நேரம் ஆவும், பிரேக் கட்டையாவும். ஒழுவுறது பிளாக் ஓரமா பின்னாடி ஓடி பெல் ஹவுசிங்ல சொட்டும். மூணு கம்ப்ளைன்ட்டுக்கும் ஒரே எடம் தான் காரணமா இருக்கணும். பிரேக் விஷயத்த மட்டும் தள்ளிப்போடாத, லோடோட மூலக்கடை மேம்பாலம் எறங்குறப்ப பெடல் கட்டையா நின்னுச்சுன்னா வெளையாட்டு இல்ல.

தண்டையார்பேட்டை டூல்ஸ்:

அண்ணன் சொன்னதுல ரெண்டு சேர்த்துக்குறேன். பெட்ரோல் ஊத்தி கழுவலாம்னு யாராச்சும் சொல்லுவாங்க, கிட்டவே போவாதீங்க. ஜாக்கிய மட்டும் நம்பி அடில பூராதீங்க, மரக்கட்டை குடுங்க. பவுடர் வேணாம்னா யூவி டை கெடைக்குது, ஆயில்ல கலந்து ஓட்டிட்டு ஊதா லைட் அடிச்சா லீக் பச்சையா மின்னும், ஆனா டீசல்ல ஆயில் கருப்பா இருக்குறதால அவ்ளோ பளிச்னு தெரியாது, ஆயில் சேஞ்ச் பண்ண கையோட ஊத்துனா தான் நல்லாருக்கும். பவுடரே போதும் என்ன கேட்டா.

அப்புறம் கழுவுன டீசல், வேஸ்ட் ஆயில் இதெல்லாம் கேன்ல புடிச்சு பழைய ஆயில் எடுக்குறவங்க கிட்ட குடுத்துடுங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரம் பூரா படிஞ்சப்ப மீன் புடிக்கிறவங்க பட்ட பாடு நம்ம ஏரியாக்கு தெரியாததா.

ராஜா ப்ரோ, கெட்டி ஆயில் ஓட்டைய அடைக்காது, மெதுவா ஒழுவும், அவ்ளோ தான். காலைல டர்போவுக்கு ஆயில் போய்ச் சேர லேட்டாவும், அது யார் தலைல விடியும்? ஸ்டாப் லீக் காஞ்சுபோன ரப்பர கொஞ்சம் ஊத வெக்கும், அதனால சில வண்டில கொஞ்ச நாள் நிக்கும், வெடிச்ச ஹோஸுக்கு அது என்ன பண்ணும்?

ஹைவே ராஜா:

சரி பா சரி, வுடு.

காசிமேடு லோடு:

மூலக்கடை அண்ணே, கழுவி பவுடர் போட்டு பார்த்தாச்சு. ஃபில்டர் சுத்தமா இருக்கு, சுவிட்ச் காஞ்சிருக்கு. டேப்பெட் கவர் பின்னாடி லேசா ஈரம், ஒழுவுற அளவுக்கு இல்ல. ஆல்டர்னேட்டர் அடில தான் பவுடர் பூரா கரைஞ்சு போய் கருப்பு கோடு கெளம்பி பிளாக் ஓரமா பின்னாடி வரைக்கும் போயிருக்கு, நீங்க சொன்னது அப்டியே.

ஆனா புது பிரச்சன. ஐடில்ல ஆயில் மூடிய தொறந்து தலகீழா மேல வெச்சுப் பார்த்தேன், ஒரு வீடியோல பார்த்தது. மூடி குதிக்குது ணே, ஒரு தடவ கீழயே வுழுந்துடுச்சு. மெக்கானிக் பார்த்துட்டு அப்ப பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சு, சிலிண்டர் காத்து கீழ எறங்குது, என்ஜினே தொறக்கணும்னு சொல்றாரு. 16ல ஆரம்பிச்சது எங்க போய் நிக்கும்னு பேஜாரா கீது.

மூலக்கடை டீசல்:

பயப்படாத. மூடி குதிச்சா உள்ள பிரஷர் இருக்குன்னு அர்த்தம், அது சரி தான், ஆனா அது பிஸ்டன் ரிங் வழியா தான் வருதுன்னு யார் சொன்னது? ரெண்டு விஷயம் பார்த்துட்டு அப்புறம் ரிங் பத்தி பேசலாம்.

ஒன்னு பிரீதர் ஹோஸ். டேப்பெட் கவர்லருந்து ஏர் இன்டேக்குக்கு போவும். அது உள்ள மசி கட்டி அடைச்சிருந்தா இல்ல மடிஞ்சிருந்தா பிரஷர் வெளிய போவ வழி இல்லாம இருக்குற சீல் எல்லாத்தையும் தள்ளும். நீ இன்னிக்கு பேக் சீல் மாத்துனாலும் அதுவும் கொஞ்ச நாள்ல ஒழுவும்.

ரெண்டாவது நெறைய பேர் யோசிக்காத விஷயம். வேக்கம் பம்பு பூஸ்டர்லருந்து உறிஞ்சுற காத்த எங்க வுடுது? ஆயிலோட சேர்த்து அந்த ரிட்டர்ன் ஹோஸ் வழியா என்ஜின் உள்ள தான் வுடுது. பூஸ்டர் ஒழுங்கா இருந்தா வேக்கம் ஏறுனப்புறம் உறிஞ்ச காத்தே இருக்காது. பூஸ்டர்ல இல்ல ஹோஸ்ல ஓட்டை இருந்தா பம்பு வெளிக்காத்த நிறுத்தாம உறிஞ்சி என்ஜின் உள்ள தள்ளிக்கினே இருக்கும், மூடி குதிக்கும், பார்க்குறவன் ரிங் போச்சுன்னு எழுதிக் குடுத்துடுவான். வண்டி நிக்குறப்ப, கட்டை குடுத்து ஹேண்ட் பிரேக் போட்டுட்டு, பம்புலருந்து பூஸ்டருக்கு போற ஹோஸ பம்பு கிட்ட கழட்டி பம்பு வாய ரப்பர் வெச்சு நல்லா அடைச்சிடு. இப்ப மூடி அடங்குச்சுன்னா ரிங் இல்ல. அப்டியும் குதிச்சா வேற பேச்சு. அந்த நெலமைல வண்டிய நகத்தாத, பிரேக் புடிக்காது. ஃபேன் பெல்ட் கிட்ட கை, துண்டு எதுவும் போவக்கூடாது.

காசிமேடு லோடு:

அண்ணே, அடைச்ச ஒடனே மூடி அடங்கிடுச்சு! லேசா ஆடுது, குதிக்கல. பூஸ்டர் கிட்ட கிளிப் போட்டிருக்குற எடத்துல ஹோஸ் அடிப்பக்கம் வெடிச்சிருந்துச்சு, மேலருந்து பார்த்தா தெரியவே தெரியாது. பிரீதர் ஹோஸ்ல மசி பாதி அடைச்சிருந்துச்சு, டீசல்ல ஊற வெச்சு குத்தி எடுத்தேன். வேக்கம் ஹோஸ், பம்புக்கு சீல் கிட், ரிட்டர்ன் ஹோஸ், பைப்புக்கு செம்பு வாஷர், ஆல்டர்னேட்டர்க்கு கார்பன் பிரஷ், புதுப்பேட்டைல பொருள் வாங்கிக் குடுத்து ராயபுரத்துல ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைல மாட்டுனேன், கூலியோட நாலாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. பிரேக் இப்ப காலைலயே சாஃப்ட்டா எறங்குது, லைட்டும் மினுக்கல.

அட்டைல இப்ப சொட்டு இல்ல. சம்ப் பின் மூலைல மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் லேசா ஈரம் கசியுது. போல்ட்ட இன்னும் கொஞ்சம் டைட் வெக்கலாமா?

மூலக்கடை டீசல்:

டைட் வெக்காத. அது மெல்லிசு தகடு, முறுக்க முறுக்க போல்ட் ஓட்டை கிட்ட குழிஞ்சு பேக்கிங் பிதுங்கி இன்னும் ஜாஸ்தி ஒழுவும். நீ கடக்கரைல ஓட்டுறவன், மீன் தண்ணி வேற, அந்த மூலை துருப் புடிச்சு ஊசி ஓட்டை வுழுந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு, துருவ சொரண்டாம தொடச்சு மட்டும் பாரு, கைல மாத்து சம்ப் இல்லாம சொரண்டுனா அங்கயே ஒழுவ ஆரம்பிச்சிடும். எஃப்சிக்கு சுத்தமா தொடச்சு எடுத்துட்டு போ. அடுத்த ஆயில் சேஞ்சுக்கு எப்டியும் ஆயில் வடிக்கணும், அப்ப சம்ப எறக்கி வெளிம்ப சமமா தட்டி புது பேக்கிங் போட சொல்லு. சிலிக்கான் போட்டா மூலைல மட்டும் மெல்லிசா போட சொல்லு, அள்ளி அப்புனா உள்பக்கம் பிதுங்கி பிஞ்சு ஆயில் ஜல்லடைல போய் அடைச்சிக்கும், அப்புறம் ஆயில் பிரஷரே வராது. 1,500 கேட்டவரு இருந்தாருல்ல, அவரு கிட்டயே அந்த வேலைய குடு, பக்கத்துலயே நின்னு பார்த்துக்கோ.