தியானத்தில் உட்கார்ந்தால் கடைக் கணக்கு வருகிறது

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே மூன்றாம் மாடியில் இருக்கிறேன். மூன்று வாரமாகக் காலையில் பத்து நிமிடம் திறந்த விழிப்புணர்வுத் தியானம் பழகுகிறேன். எதையும் பிடிக்காமல் வருவதை வரவிட வேண்டுமாம். எனக்கு வருவது கரையோர ரயில். அது போனதும் தெருத்தெருவாகப் பாண் விற்கும் சூன் பாண் முச்சக்கரவண்டி, பேத்தோவனின் மெட்டை வாசித்துக்கொண்டு. உடனே மனம் மாலுபாணுக்கு, அதுதான் மீன் வைத்த பணிஸுக்கு, தாவும். அங்கிருந்து மாவின் விலை, மகளின் டியூஷன் காசு. மணி அடிக்கும்போது மாதக் கணக்கே முடிந்திருக்கும். ஜன்னலைச் சாத்தினால் புழுங்குகிறது. என்ன செய்யலாம்?

தெஹிவளையிலிருந்து:
ஜன்னல் திறந்தே இருக்கட்டும். இந்தத் தியானத்தில் ரயில் இடைஞ்சல் அல்ல, அதுவும் கவனத்துக்கு வரும் ஒன்றுதான். உங்களை இழுத்துப் போவது மாலுபாண். மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதித் தியானத்தில் மூச்சு என்ற முளை உண்டு. இதில் முளையே இல்லை. புதியவர் எடுத்த எடுப்பில் கயிற்றை அவிழ்த்தால் மாடு மேயத்தான் போகும். முதல் ஐந்து நிமிடம் மூச்சோடு இருந்துவிட்டுப் பிறகு விடுங்கள். கந்துபொட தியான நிலையத்தில், பர்மியத் துறவி மஹாசியின் முறையில் எனக்குச் சொல்லித் தந்தது இது: வயிறு எழுவதையும் அடங்குவதையும் பாருங்கள், சத்தம் வந்தால் 'கேட்கிறது', கணக்கு வந்தால் 'நினைக்கிறது' என்று மனதுக்குள் குறித்துவிட்டுத் திரும்புங்கள். மாவின் விலையைச் சரிபார்க்கத் தேவையில்லை.

பம்பலப்பிட்டியிலிருந்து:
தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தியும் இதைப்போல 'தெரிவற்ற விழிப்பு' பற்றிப் பேசியவர். முறையே வேண்டாம் என்றவரும் அவர்தான். எனக்கோ முறை இல்லாவிட்டால் நித்திரை வந்துவிடும். கண்ணைப் பாதி திறந்து வைத்துக்கொள்கிறேன்.

மூத்த வாசகர் ஒருவர்:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தமிழருக்கு எதிரான கலவரம் நடந்த 1983 ஜூலையில் நானும் வெள்ளவத்தையில்தான் இருந்தேன். பல காலம் கழித்து இந்தத் தியானத்தில் கண்ணை மூடி எல்லாச் சத்தத்தையும் உள்ளே விட்ட முதல் நாள், தெருவில் யாரோ கூவியது வேறொரு கூச்சலாகக் கேட்டது. வேர்த்துப் போய் எழுந்துவிட்டேன். வருவதை வரவிடு என்பது எல்லோருக்கும், எல்லா நாளும் பொருந்தாது. அப்படி நேர்ந்தால் கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, அறையில் உள்ள பொருட்களைப் பாருங்கள். அன்றைக்கு அதோடு நிறுத்திவிடலாம். நான் இப்போது மூன்று நிமிடம்தான் இருக்கிறேன், கண் திறந்தபடி.

கேட்டவர்:
ஐயா, நன்றி. நானும் நேரத்தைக் குறைத்துவிட்டேன். இன்று ரயில் போனது தெரிந்தது. மாலுபாணுக்குத் தாவியதும் தெரிந்தது, கொஞ்சம் தாமதமாக. இறங்கிப் போய் இரண்டு வாங்கி வந்தேன்.