காதால கேட்டே கிட்டார்ல ஃபிங்கர்ஸ்டைல் (பிக் இல்லாம விரலாலயே மீட்டுறது) பழகுறவங்க, இன்னும் உறுத்துற இடம் ஒண்ணு சொல்லுங்க

மொட்டைநகம்:
டி (D) ஸ்கேல்ல போற மெதுவான பீஸ். பேஸ் (கீழ்ச்சுரங்கள்) வந்தாச்சு, மெலடியும் வந்தாச்சு. நடுவுல ஒரு இடம் மட்டும் பிடிபடவே இல்ல. மெலடி டியில ஆரம்பிச்சு ஒரு ஆக்டேவ், அதாவது அடுத்த டி வரைக்கும், மேல ஏறுது. அது ஏறி முடியுற வரைக்கும் அடியில ஜி-யும் பக்கத்து ஏ-யும் ஒட்டிக்கிட்டு ஒலிக்குது, ரெண்டும் அணையவே இல்ல. ஸ்டாண்டர்ட் ட்யூனிங்ல (வழக்கமான ஈ ஏ டி ஜி பி ஈ) எப்படிப் பிடிச்சாலும் என் கைக்கு எட்டல. வெறுத்துப்போய் ஒண்ணு, ரெண்டு, ஆறுன்னு மூணு கம்பியையும் ரெண்டு ஃப்ரெட் (கிட்டார் கழுத்துல இருக்கிற கட்டம்) அளவு இறக்கி டி ஏ டி ஜி ஏ டி-க்குக் கொண்டுவந்து, மூணாவது, ரெண்டாவது கம்பியை விரல் வைக்காம, திறந்த கம்பியாவே சேர்த்து மீட்டினேன். அதே சத்தம்! மெலடி முதல் கம்பியிலேயே பன்னெண்டாவது ஃப்ரெட் வரைக்கும் போயிடுது. நிஜமாவே இப்படித்தான் வாசிச்சாங்களாங்கிறதுதான் இன்னும் அரிக்குது.

நடுக்குரல்:
எனக்கு ஒரு பொண்ணு பாடிக் காட்டினது மறக்கல. கிட்டாரை எடுக்கவே இல்ல. பேஸுக்கும் மெலடிக்கும் நடுவுல இருக்கிற வரியை மட்டும் வாயால பாடினாங்க. அப்படி ஒரு சுரமே அங்க இல்லைன்னு அடிச்சுச் சொன்னேன். பாதி வேகத்துல ஓட்டிக் காட்டினாங்க, இருந்துச்சு. அந்த வரி இப்பவும் முழு வேகத்துல எனக்குக் கேட்கிறதில்ல.

ஆறாம்கம்பி:
மொட்டைநகம் ப்ரோ, இதுக்கெல்லாம் ட்யூனிங் மாத்தணுமா? ஏ-யை நாலாவது கம்பி ஏழாவது ஃப்ரெட்ல வைங்க, ஜி கம்பியைத் திறந்து விடுங்க. விரலை நீட்டப் பழகினா வரும். கொஞ்சம் எட்டலைன்னதும் எல்லாரும் கம்பியை இறக்கிடுறீங்க.

கேப்போக்காரன்:
நானும் ஒரு பீஸோட ரொம்ப நாள் மல்லுக்கட்டினேன், கேப்போ (கழுத்துல கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டதும் வந்துடுச்சு. அதை விடுங்க. புதுசா வர்றவங்களுக்குச் சொல்றேன்: முதல்ல போன் ஸ்பீக்கர்ல கேட்கிறதை நிறுத்துங்க. ஆறாவது கம்பி ஈ சுமார் 82 ஹெர்ட்ஸ். அந்தக் குட்டி ஸ்பீக்கர்ல அது அனேகமா வராது, மேல இருக்கிற ஹார்மோனிக்ஸை (அதோட கூடவே வர்ற மேல்சுரங்களை) வச்சு காதே நிரப்பிக்கும், பேஸை எந்த ஆக்டேவ்ல வைக்கிறதுன்னு குழம்பிடுவீங்க. ஹெட்போன் போட்டு, பீஸ்லயே ரொம்பக் கீழ இருக்கிற சுரத்தைத் தேடுங்க. அது ஈ-க்கும் கீழன்னா கம்பியை இறக்கியிருக்காங்கன்னு அர்த்தம். அப்புறம் எந்தச் சுரம் விரல் நகர்ந்த பிறகும் நீளுதுன்னு கவனிங்க, அது அனேகமா திறந்த கம்பி. வேகத்தைப் பாதிக்கும் கீழ குறைக்காதீங்க, மீட்டுற சத்தம் கரைஞ்சு போயிடும். நகத்தைப் பத்தியும் சொல்லணும்...

மொட்டைநகம்:
நகம் வேண்டாம் அண்ணே, என் பேரைப் பாருங்க. ஆறாம்கம்பி, நீங்க சொன்ன மாதிரியும் வாசிச்சுப் பார்த்தேன். நாலாவது சுத்துக்கம்பி (மேல மெல்லிசுக் கம்பி சுத்தினது), அதுல ஏ தடிமனா வருது. ரெக்கார்டிங்ல அது மெலிசா, சுத்தாத மொட்டைக் கம்பியோட சத்தமா இருக்கு. ஹெட்போன்ல ஒரு தடவை கேட்டுட்டுச் சண்டைக்கு வாங்க.