படம் எடுக்க வருகிறது, எதை எடுப்பது என்றுதான் தெரியவில்லை

அரைவெளிச்சம்:
சில வருடங்களாகப் படம் எடுக்கிறேன். எக்ஸ்போஷர், ஃபோகஸ், எடிட்டிங் எல்லாம் கைக்கு வந்துவிட்டது. பறவை, தெரு, போர்ட்ரெய்ட், மேக்ரோ (சின்னப் பொருளை மிகப் பக்கத்தில் எடுப்பது), இரவு வானம் என்று ஒன்று விடாமல் தொட்டுப் பார்த்தாயிற்று. பார்ப்பவர்கள் ‘சூப்பர்’ என்கிறார்கள். ஆனால் பெயரை எடுத்துவிட்டு மற்றவர்கள் படங்களோடு கலந்து வைத்தால் என்னுடையது எது என்று எனக்கே அடையாளம் தெரியாது. ஒரு வகையைப் பிடித்துக்கொண்டு அதிலேயே உட்கார வேண்டுமா, இல்லை ஆர்வம் தானாக ஒரு பக்கம் இழுக்கும்வரை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருக்கலாமா? இரண்டு கட்சிக்காரர்களும் வாருங்கள்.

ஒற்றைலென்ஸ்:
உட்காருங்கள். ஒரு லென்ஸ், ஒரு விஷயம், ஒரு வருடம். மற்றதெல்லாம் பையிலேயே கிடக்கட்டும்.

ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதி 1959-இல் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்தார்கள். தண்ணீர்த் தொட்டி, உருக்கு உலை, எரிவாயுத் தொட்டி, சுரங்கக் கோபுரம், பெரும்பாலும் இவைதான். மேகம் மூடிய நாளாகப் பார்த்து, நிழல் விழாத வெளிச்சத்தில், நேர் எதிரே நின்று, பெரிய ஃபிலிம் தாள் போடும் லார்ஜ் ஃபார்மட் கேமராவில் எடுப்பார்கள். தனியாகப் பார்த்தால் வெறும் ஆவணப் படம். ஒரே மாதிரித் தொட்டிகளைக் கட்டம் கட்டமாக அடுக்கி மாட்டினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருப்பது தெரியும். பல பத்தாண்டுகள் இதையே செய்தார்கள். உங்களுக்கு ஆர்வம் குறையவில்லை, கண் முன்னால் வழிகள் அதிகமாகிவிட்டன. அடைத்துவிடுங்கள்.

கால்போனபோக்கு:
பெக்கர் கதையின் முன்பாதியை வசதியாக விட்டுவிட்டீர்களே! பெர்ன்ட் பிறந்து வளர்ந்தது ஸீகர்லாந்து என்ற சுரங்கமும் உருக்காலையும் நிறைந்த பகுதியில். முதலில் அந்தக் கட்டடங்களை உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். வரைந்து முடிப்பதற்குள் இடித்துத் தள்ளினார்கள். அதனால்தான் கேமரா பக்கம் வந்தார். பற்று முன்னாடி, கட்டுப்பாடு பின்னாடி. பற்றே இல்லாதவரிடம் போய் ‘வருடம் முழுக்கத் தண்ணீர்த் தொட்டி எடு’ என்றால் மூன்றாவது வாரம் கேமரா அலமாரிக்குப் போய்விடும். அப்படிப் போன கேமராக்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

அரைவெளிச்சம், நீங்கள் சுற்றுங்கள். கேமராவைத் தள்ளி வைத்துவிட்டு வேறு எதில் உங்களுக்குப் பைத்தியம் என்று பாருங்கள். பிரேசில் புகைப்படக்காரர் செபாஸ்டியாவோ சல்காடோ பொருளாதாரம் படித்து அந்த வேலையில் இருந்தவர். பிறகு உழைப்பாளிகளையும் இடம்பெயர்ந்தவர்களையும் தேடித் தேடி எடுத்தார். அந்த அக்கறை கேமரா கடையில் வாங்கியது கிடையாது.

ஒற்றைலென்ஸ்:
சரி, பைத்தியம் எதுவுமே இல்லாதவர் என்ன செய்வது? சுற்றிக்கொண்டே இருப்பதா? அவர் கேள்வியே ‘சுற்றிவிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்பதுதான்.

ப்ராக் நகரத்துப் புகைப்படக்காரர் யோசெஃப் சுடெக் முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். 1940-இல், நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில், தன் ஸ்டுடியோவின் ஜன்னலை எடுக்க ஆரம்பித்தார். அதே கண்ணாடி. அதில் ஒரு நாள் நீராவி, ஒரு நாள் உறைபனி, ஒரு நாள் வழியும் நீர்க்கோடு, அதற்குப் பின்னால் மங்கலாக ஒரு மரம். 1954 வரை இது தொடர்ந்தது. ஜன்னல் மீது அவருக்குப் பிறவியிலேயே காதல் இருந்தது என்று யாராவது சொல்வார்களா? வெளியே போக முடியாத காலம், உள்ளே உட்கார்ந்து பார்த்தார். பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போனது.

புதுவரவு:
குறுக்கே ஒரு சந்தேகம். எனக்கு 50 தாண்டிவிட்டது. இப்போதுதான் கேமரா வாங்கினேன். இந்த ‘திசை’ எல்லாம் இளவட்டங்களுக்கு மட்டும்தானா?

கால்போனபோக்கு:
பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கேமரன் கைக்கு முதல் கேமரா வந்தபோது வயது 48. வருடம் 1863, மகளும் மருமகனும் கொடுத்த பரிசு. ஃபோகஸ் சரியில்லை என்று அன்றைய பண்டிதர்கள் திட்டினார்கள், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீங்கள் எடுங்கள் ஐயா.

நெகடிவ்பெட்டி:
இரண்டு பேரும் ஷட்டரை அழுத்துவதற்கு முன்னால் நடப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு என்னவோ, இவருக்கு வேண்டியது ஏற்கெனவே ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது என்றுதான் படுகிறது.

புகைப்படக்காரர் ராபர்ட் ஃப்ராங்க் 1955-லிருந்து அமெரிக்காவைச் சுற்றி 27,000-க்கும் மேல் படம் எடுத்தார். கடைசியில் ‘தி அமெரிக்கன்ஸ்’ புத்தகத்தில் நின்றது 83. மீதியைக் கழித்தபோதுதான் அது அவருடைய அமெரிக்கா ஆனது. அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் காரி வினோகிராண்ட் எடுத்த ஃபிலிம் சுருளை உடனே கழுவமாட்டாராம், ஓராண்டுக்கும் மேல் போட்டு வைப்பார். எடுத்த அன்றைக்கு மனது எப்படி இருந்தது என்பது மறந்துபோக வேண்டும், அப்போதுதான் படத்தை மட்டும் பார்க்க முடியும் என்பது அவர் கணக்கு.

அரைவெளிச்சம், ஒன்று செய்து பாருங்கள். பழைய படங்களில் லைக் வாங்கியதையெல்லாம் ஒதுக்கிவிடுங்கள், அவை ஏற்கெனவே மற்றவர்கள் தேர்ந்தெடுத்தவை. மீதியில் காரணம் சொல்லத் தெரியாமல் உங்களை நிறுத்துகிறவற்றை மட்டும் சின்னச் சின்னதாகப் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். திரையில் பார்த்தால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் பார்ப்பீர்கள். தரையில் போட்டால் ஒன்று இன்னொன்றோடு சேர்வது தெரியும். ஸ்டார் ரேட்டிங் எல்லாம் வேண்டாம்.

ஒற்றைலென்ஸ்:
வினோகிராண்ட் 1984-இல் இறந்தபோது கழுவாத சுருள் மட்டும் ஏறத்தாழ 2,500 கிடந்ததே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அளவில்லாமல் எடுத்தால் கடைசியில் பார்க்கவே நேரம் இருக்காது.

கால்போனபோக்கு:
நெகடிவ்பெட்டி சொல்வதில் எனக்கு வேறொரு சிக்கல். பழைய குவியல் பழக்கத்தைக் காட்டும், ஆசையைக் காட்டாது. தெருவில் எடுத்ததெல்லாம் முதுகுகளாகவே இருக்கிறது என்று வையுங்கள். ‘ஆஹா, மனிதர்களின் தனிமை, இதுதான் என் பார்வை’ என்று கிளம்பிவிடுவார். உண்மையில் அது கூச்சம். முகத்துக்கு நேராகக் கேமராவைத் தூக்க தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். பயத்துக்குப் பாணி என்று பெயர் சூட்டிக் கண்காட்சி வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நெகடிவ்பெட்டி:
நல்ல கேள்வி, உண்மையாகவே. படத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் எடுத்த பிரேம்களில் விடை இருக்கிறது. ரா ஃபைல்களை, அதாவது கேமரா பதிந்த மூலக் கோப்புகளை, எடுத்த நேரப்படி வரிசையாக வையுங்கள். தூரத்திலிருந்து ஒரு க்ளிக், அடுத்த ஃபைல் வேறு தெரு என்றால், கூச்சம், அல்லது கடமைக்கு எடுத்தது. முதல் பிரேம் தூரத்தில், அப்புறம் கொஞ்சம் பக்கத்தில், அப்புறம் குனிந்து, அப்புறம் வெளிச்சம் மாறும்வரை காத்திருந்து என்று போனால் அந்த இடத்தில் ஏதோ உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. முடிவாக வந்த படம் சுமாராகக்கூட இருக்கலாம். நான் பார்ப்பது எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதை. கேமரா ஒவ்வொரு ஃபைலிலும் நேரத்தைக் குறித்துத்தான் வைத்திருக்கிறது, நாம்தான் திரும்பிப் பார்ப்பதில்லை. பறவைப் படங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பட்டனை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து எடுக்கும் பர்ஸ்ட் மோடில் நொடிக்குப் பத்து விழும்.

அரைவெளிச்சம்:
நேற்று இரவு இதைத்தான் செய்தேன். இரவு வானமெல்லாம் போனதும் வந்ததும் தெரியவில்லை. வியப்பு எங்கே என்றால், ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவர். வேறு எதற்கோ போன இடத்தில் அவரை எடுத்திருக்கிறேன். முதல் பிரேமில் முழு ஆள். அப்புறம் கண்ணில் செருகிய பூதக்கண்ணாடி. அப்புறம் வெள்ளைக் காகிதத்தில் அவர் வரிசையாக வைத்திருந்த திருகுகள், கடைசித் திருகு மட்டும் வரிசையை விட்டு விலகிக் கிடக்கிறது. அவர் அதை எடுத்து மாட்டும்வரை நின்றிருக்கிறேன். தேடினால் இன்னும் இருக்கிறது: கம்பி சுற்றிய நாற்காலிக் கால், டேப் ஒட்டிய மூக்குக்கண்ணாடி, வேறு நிற நூலில் தைத்த குடை. எதையும் எங்கேயும் போட்டதில்லை. இவை படமா என்பதே சந்தேகம்.

ஒற்றைலென்ஸ்:
படம்தான். இப்போதாவது அடையுங்கள்! ஒட்டுப்போட்ட பொருள், அதைச் சரிசெய்யும் கை, வேறு எதுவும் வேண்டாம். ஒரே லென்ஸ், ஒரே தூரம். ஒரு வருடம்.

கால்போனபோக்கு:
அவசரம் எதற்கு? விவியன் மேயர் குழந்தை பராமரிக்கும் வேலை பார்த்துக்கொண்டே ஒரு லட்சத்துக்கும் மேல் நெகடிவ் சேர்த்தார். பெட்டிகள் 2007-இல் ஏலத்துக்கு வந்த பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது, 2009-இல் அவர் இறந்தும் போனார். யார் அவரிடம் ‘உங்கள் ப்ராஜெக்ட் என்ன’ என்று கேட்டார்கள்? திசை இல்லாமலே வாழ்நாள் முழுக்க ஆசையாக எடுக்கலாம்.

நெகடிவ்பெட்டி:
மேயருக்குத் திசை இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கண்ணாடியிலும் கடை ஜன்னலிலும் விழும் தன் பிம்பத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தவர் அவர். காட்டுவதற்கு ஆள் தேடவில்லை, அவ்வளவுதான். அதுவும் இதுவும் வேறு. அரைவெளிச்சம், வருடக் கணக்கெல்லாம் இப்போது வேண்டாம். அந்தக் கடிகாரக்காரரிடம் எடுத்த படங்களில் ஒரு பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுங்கள். இன்னொரு நாள் உட்காரலாமா என்று கேளுங்கள். போவதற்கு மனசு வருகிறதா, சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுகிறீர்களா என்று பாருங்கள்.

அரைவெளிச்சம்:
பிரிண்டுக்குக் கொடுத்தாயிற்று. சனிக்கிழமை போகிறேன்.

ஒற்றைலென்ஸ்:
நல்லது. கலரா, கருப்பு வெள்ளையா என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். நடுவில் மாற்றக் கூடாது.

கால்போனபோக்கு:
ஆரம்பித்துவிட்டாரய்யா. வேறு நிற நூலில் தைத்த குடையைக் கருப்பு வெள்ளையில் எடுத்து என்ன செய்வதாம்? தனி இழை திறவுங்கள், அங்கே வருகிறேன்.