புதுப்பிப்பு: சுவர் ரேக் மாட்டியாகிவிட்டது

நெட்வொர்க் சாதனங்களை வைக்க, சுவரில் மாட்டும் ரேக் (இரும்புச் சட்ட அலமாரி) 6யூ போதுமா, 9யூ வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். 9யூ வாங்கினேன். யூ என்பது ரேக்கின் உயர அளவு, ஒரு யூ 44.45 மி.மீ. தான். பேட்ச் பேனல் (கேபிள்கள் வந்து சேரும் பலகை), ஸ்விட்ச் (கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி), கேபிள் மேனேஜர் (கேபிள்களை ஒழுங்காகப் பிடிக்கும் சட்டம்), ஒரு தட்டு என்று வைத்தாலே பாதி போய்விடுகிறது.

ஆனால் உயரத்தைவிட ஆழம்தான் பெரிய விஷயம். 19 அங்குல ரேக்குகளில் சாதனம் மாட்டும் அகலம் ஒன்றே, ஆழம் அப்படியில்லை. ஸ்விட்சின் நீளத்தோடு பின்னால் பவர் பிளக்குக்கும், முன்னால் பேட்ச் கார்டு (பேனலையும் ஸ்விட்சையும் இணைக்கும் குட்டி கேபிள்) மடங்காமல் வளையவும் இடம் விட வேண்டும். சாதனங்களைத் திருகி மாட்டும் முன் சட்டத்தைக் கதவிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தேன், கதவு இடிக்காமல் மூடுகிறது.

சுவர் உள்ளே வெற்றிடம் உள்ள கல் (ஹாலோ பிளாக்). அதனால் முதலில் கனமான பிளைவுட் பலகையைப் பல இடங்களில் ஆங்கர் (சுவரைப் பிடித்துக்கொள்ளும் போல்ட்) போட்டு இறுக்கி, அதன்மேல் காலி ரேக்கை மாட்டினோம். சாதனங்கள் அப்புறம்தான். யுபிஎஸ்ஸை உள்ளே வைக்கச் சொன்னவர்கள் மன்னிக்கவும், அந்த பேட்டரி எடைக்குத் தரைதான் சரி.

கதவுக்கும் தனி எர்த் ஒயர் கொடுத்தாயிற்று. மேலே மின்விசிறி மாட்டவில்லை. சூட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றிருக்கிறேன்.