துணிக்கடையில் 11 ஆண்டுகள் நின்றே வேலை: இருக்கை கேட்க உரிமை உண்டா?

கேள்வி (கடலூர்):
திருப்பாதிரிப்புலியூரில் ஒரு துணிக்கடையின் சேலைப் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். காலை பத்து மணிக்கு நின்றால், சாப்பாட்டு நேரம் போக, இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாதபோதும் சுவரில் சாயக் கூடாது. இரண்டு கால்களிலும் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. தொடர்ந்து நிற்க வேண்டாம் என்று மருத்துவர் எழுதிய சீட்டைக் காட்டினேன். முடியாவிட்டால் விலகுவதாக எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார் மேலாளர். எனக்கு வயது 38. நான் என்ன செய்வது?

மறுமொழி 1:
எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள், சகோதரி. கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்களின் போராட்டத்தால் 2018இல் கேரளத்தில் வந்த இருக்கை உரிமை, 2021இல் தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்திலும் 22-ஏ பிரிவாகச் சேர்ந்தது. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லாப் பணியாளருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரைத் தக்க காரணமின்றி, ஒரு மாத முன்னறிவிப்போ அதற்குரிய ஊதியமோ இன்றி நீக்கக் கூடாது என்கிறது 41ஆம் பிரிவு. நீங்களே விலகினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். மருத்துவச் சீட்டை இணைத்து எழுத்தில் இருக்கை கேளுங்கள், நகலில் ஒப்பம் வாங்குங்கள்; மறுத்தால் தொழிலாளர் துறையில் புகார் கொடுங்கள்.

மறுமொழி 2 (செவிலியர்):
நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நிற்கும்போது அந்த வேலை நடப்பதில்லை, அழுத்தம் முழுவதும், இரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் நாளங்களின் அடைப்பிதழ்களில் இறங்கி, அவை காலப்போக்கில் தளர்ந்துவிடுகின்றன. கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள், அடுத்தது புண். உங்கள் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்களா? பிடித்தால் சிகிச்சை அங்கேயே கிடைக்கும். தகுதிக்குரிய நாள்கள் பணியாற்றியிருந்தால், மருத்துவ விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடும் கிடைக்கும்.

மறுமொழி 3 (புதுச்சேரி):
என் தாயார் இங்கே ஓர் ஆலையில் நின்றே நூல் ஓட்டியவர். கணுக்கால் புண் ஆறாததால் 46 வயதில் வேலை போயிற்று. அதன்பின் அவருக்கு நிலையான வேலை எதுவும் கிடைக்கவே இல்லை. எட்டு மணி நேர வேலை கேட்டு 1936இல் 12 தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்த ஊர் இது. ஆனால் தமிழ்நாட்டின் இருக்கைத் திருத்தம் எல்லை தாண்டி எங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு இருக்கிறது, தயவுசெய்து பயன்படுத்துங்கள்.

கேட்டவர்:
ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறது. கணுக்காலில் கறுப்பும் இருக்கிறது, நாளை மருந்தகம் செல்கிறேன். எங்கள் பிரிவில் இன்னும் ஆறு பெண்கள் கையெழுத்திட முன்வந்துள்ளார்கள். ஒரே மனுவாகக் கொடுக்கலாமா, தனித்தனியாகவா?